இரண்டு மணி நேரம் தாங்கும் எஞ்சின்

ரேடியேட்டர் மூடியின் ஓரத்திலிருந்து பச்சைத் தண்ணீர் கொதித்துப் பீய்ச்சியடித்ததும், சுகாசினி கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு மணலில் ஓடினாள். நாலு சக்கர ரேஸ் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்த அவள் கணவன் ஜெபகுமாரோ ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“பார்த்தியா சுகா? மூணாவது கியர்ல கூட முன்சக்கரம் தூக்குதுமா!”

“தூக்குது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா எஞ்சின் வாயைப் பொளந்துக்கினு நின்னிருக்கும். எறங்குபா.”

செவிலிமேட்டுப் பாலாற்று மணல் பங்குனி வெயிலில் தகித்தது. எஞ்சின் ஆறும்வரை அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஐ.டி.ஐ.யில் ஒரே வகுப்பில் படித்து, காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள் இருவரும். பிள்ளையார்பாளையத்துக் கடைசித் தெருவில் சேர்ந்து மெக்கானிக் கடை நடத்துகிறார்கள். வண்டி ஓட்டுவது அவன், எஞ்சின் வேலை அவள். மணலிலும் மேட்டிலும் ஓடுகிற இந்த ஏ.டி.வி. வண்டியை அடிபட்டு மூலையில் கிடந்த நிலையில் வாங்கி வந்து உயிர் கொடுத்தது அவள்தான். முதலில் சைலன்சரை மாற்றினாள். பிறகு காற்று தாராளமாக உள்ளே போக வழி செய்தாள். பிறகு வால்வுகளைத் திறந்து மூடும் கேமை மாற்றினாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி புதிதாக உறுமியது. கொஞ்ச நாள் கழித்து ஜெபகுமார் வந்து தலையைச் சொறிவான். “இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா?” ஏற்றுவதற்கு அவளுக்கும் கை அரிக்கத்தான் செய்தது. அதை அவனிடம் சொன்னதில்லை.

கடைசியாகப் போட்டது தலை மேடான பிஸ்டன். காற்றையும் பெட்ரோலையும் இன்னும் இறுக்கி நசுக்கி வெடிக்கவைப்பது அது. பலம் கூடியது, கூடவே சூடும் கூடியது. பங்க்கில் கிடைக்கிற பெட்ரோல் அந்த இறுக்கத்துக்குத் தாங்கவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல உள்ளே ஒரு சத்தம். ஹெல்மெட் போட்டிருந்த ஜெபகுமாருக்கு அது கேட்கவில்லை. அவளுக்கோ சோறு வடிக்கும்போதும் அதுதான் கேட்டது. முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் இறுகிப் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால், மேலே இருக்கிறவன் என்ன ஆவான்?

ஞாயிற்றுக்கிழமை தென்னேரியில் போட்டி. ஏரிக்கரையை ஒட்டிய தரிசு நிலத்தில் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். சனிக்கிழமை ஜெபகுமார் வண்டியை ஏற்றிப்போக லோடு ஆட்டோ பேசப் போயிருந்தபோது, அவள் எஞ்சினைப் பிரித்தாள். மேட்டுப் பிஸ்டனை எடுத்துவிட்டுக் கம்பெனி பிஸ்டனையே போட்டாள். கேமையும் சைலன்சரையும் விட்டுவைத்தாள். இன்னும் பெரிய ரேடியேட்டரை மாட்டினாள். கிளட்சுக்குக் கெட்டியான ஸ்பிரிங் போட்டாள்.

திரும்பி வந்தவன் மேசைமேல் கிடந்த பிஸ்டனைப் பார்த்தான்.

“இன்னா பண்ணிக்கினு இருக்கே?”

“இதைப் போட்டா பத்து நிமிசம் நீதான் ராஜா. ரெண்டு மணி நேரம் தாங்காது.”

“வாலாஜாபாத் தனசேகரன் என்னா வண்டி எடுத்துக்கினு வர்றான் தெரியுமா? என் கையைக் கட்டிப்போட்டு ஓடச் சொல்றியே!”

“கை கட்டியிருந்தாலும் பரவாயில்ல. கை கால் முழுசா வீட்டுக்கு வா.”

 மறுநாள் காலையில் தெருவின் நீளத்துக்கும் பாவு விரித்திருந்தார்கள். நெசவுக்காரர்கள் பட்டு நூலை நீவிச் சுருட்டி முடிக்கும்வரை வண்டியை வெளியே எடுக்க வழியில்லை. இருவரும் லோடு ஆட்டோவின் இரண்டு பக்கமும் நின்று, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போட்டி தொடங்கியதுமே தனசேகரன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தான். அவன் வண்டியின் அலறலில் கரைமேலிருந்த கூட்டம் எழுந்து நின்றது. ஜெபகுமார் பின்தங்கினான். வண்டிகள் பனைமர வரிசைக்கு அப்பால் மறையும்போதெல்லாம் சுகாசினி கண்ணை மூடிக் காதைக் கூர்மையாக்கினாள். இத்தனை சத்தத்துக்குள் தன் எஞ்சின் எது? கேட்டால் ஒரு மூச்சு விடுவாள். கேட்காவிட்டால் கரையில் இப்படியும் அப்படியும் நடப்பாள். தனசேகரன் ஜெபகுமாரை ஒரு முழுச் சுற்று முந்தினான். பயத்தில் ஒரு நல்ல வண்டியைக் கெடுத்துவிட்டோமோ?

பாதியில் ஜெபகுமார் பெட்ரோல் போட வந்து நின்றான்.

“பார்த்தியா? மானம் போவுது!”

அவள் டேங்க் மூடியைத் திறந்தாள். பெட்ரோல் ஊற்றியபடியே ரேடியேட்டர் பக்கம் புறங்கையைக் கொண்டுபோனாள். சூடு அளவோடுதான் இருந்தது.

“கிளட்ச் வழுக்குதா?”

“இல்ல.”

“சூடு லைட் எரிஞ்சுதா?”

“இல்ல.”

“அப்போ இன்னும் முறுக்கு. இது தாங்கும். நான் சொல்றேன், போ!”

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு மண் சிதறப் போனான்.

அதன்பின் அவன் ஓட்டமே மாறியது. எஞ்சினைப் பற்றிய யோசனையே இல்லாமல் வளைவுக்கு வளைவு நெருக்கினான். விட்ட சுற்றை மீட்டான். தனசேகரன் கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டான். அப்போது பனைமரங்களுக்குப் பின்னால் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. வெள்ளைப்புகை எழுந்தது.  யார்? சுகாசினி கரையிலிருந்து குதித்து ஓடினாள். புகைக்குள்ளிருந்து தனசேகரன் நொண்டியபடி வந்தான், பக்கத்தில் கவிழ்ந்த வண்டி. ஆளுக்குப் பெரிய அடியில்லை. “பூட்டிக்கிச்சுமா... அப்படியே பூட்டிக்கிச்சு” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அவனைத் தாண்டிக்கொண்டு அவள் எஞ்சின் போகும் சத்தம் கேட்டது. அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் ஜெபகுமார் ஜெயிக்கவில்லை. முதலில் வந்தவள் கூரத்திலிருந்து வந்த இளவரசி. அவளை யாரும் கவனித்திருக்கவே இல்லை. சுகாசினி அவள் வண்டியைக் குனிந்து பார்த்தாள், நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் பார்த்தாள். டயரைத் தவிர எல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருந்தது.

“எஞ்சின்ல ஒண்ணுமே பண்ணலையா?”

“ஆயில் மாத்துனேன் அக்கா. ஃபில்டரைக் கழுவுனேன்.” இளவரசி புழுதி படிந்த முகத்தோடு சிரித்தாள். “கடைசியில உங்க வூட்டுக்காரரு வண்டி என் முதுகுக்குப் பின்னாடி உறுமிக்கினு வந்துது பாருங்க, உயிரே போச்சு. இன்னும் ரெண்டு சுத்து இருந்தா புடிச்சிருப்பாரு. என் வண்டிக்கும் கொஞ்சம் ஏத்திக் குடுக்கறீங்களா?”

சுகாசினியின் விரல்கள் தாமாகவே அந்தச் சைலன்சரைத் தடவிக்கொண்டிருந்தன. மனம் எங்கோ கணக்குப் போடத் தொடங்கியிருந்தது.

“கடைக்கு எடுத்துக்கினு வா. எதை ஏத்துனா எது உடையும்னு மொதல்ல சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணு.”

பின்னால் வந்து நின்ற ஜெபகுமார் இருமினான். “எனக்கு இதெல்லாம் நீ சொல்லவே இல்லியே?”

“சொன்னேன்” என்றாள் அவள் திரும்பாமலே. “நீதான் ஹெல்மெட் போட்டுக்கினு இருந்தே.”