சிட்னி சர்வரின் இரண்டாவது வாசல்

சனிக்கிழமை மத்தியானம் அந்த வேலையை முடித்தபோது பிசிலாவுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. தீவு நாட்டின் தலைநகரான நுக்குவலோபாவில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு மாடியில் அவளும் தம்பியும் நடத்தும் ஆபீஸ். மீன்பிடிப் படகுகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வது பிழைப்பு. ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னப் பெட்டி, ஆபத்துக்கு அழுத்த அதில் ஒரு சிவப்புப் பொத்தான். பெட்டி சொல்வதையெல்லாம் செயற்கைக்கோள் வழியாக வாங்கிக்கொள்ளும் சர்வர் சிட்னியில், கிளவுடில் ஓடுகிறது. யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

இத்தனை நாளும் அந்தச் சர்வருக்கு ஒரே நெட்வொர்க் கார்டு, செயற்கைக்கோள்காரர்களின் தனி வழியைப் பார்த்தபடி. வீட்டிலிருக்கிறவர்களும் போனில் படகைப் பார்க்கட்டுமே என்று, இன்டர்நெட்டைப் பார்த்த இன்னொரு கார்டை அன்று பிசிலா சேர்த்தாள். ஒரு வீட்டுக்கு இரண்டாவது வாசல் வைக்கிற மாதிரி. போனில் திறந்தாள். படகுகள் புள்ளி புள்ளியாக வந்தன. எவுவா தீவுக்குத் தெற்கே அவள் புருஷன் லொபெட்டியின் படகும் இருந்தது. போதும் என்று மூடிவைத்தாள்.

பக்கத்து அறையில் அவள் தம்பி மாக்கா. வளர்ந்த அக்காளும் தம்பியும் ஓர் அறையில் உட்காரக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம் என்று, ஆபீஸ் எடுத்தபோதே நடுவில் பலகை வைத்துத் தடுத்திருந்தார்கள். அவன் தன் திரையில் ஒன்றைக் கவனித்தான். புதுக் கார்டு, வெளியே போகிறதெல்லாம் என் வழியாகத்தான் என்று வந்து உட்கார்ந்துகொண்டது. படகின் குரல் பழைய வாசலில் வருகிறது, பதில் புது வாசலில் போகிறது. அந்தப் பதிலை வாங்க அந்தப் பக்கம் ஆளில்லை. பதில் போய்ச் சேராதவரை பெட்டி சொல்வது எதுவும் சர்வரில் பதியாது.

அக்காள் வேலையில் குற்றம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. சித்தப்பா மகள் விக்காவைக் கூப்பிட்டான். இருவருக்கும் நடுவில் பேச்சைச் சுமக்கிறவள் அவள்தான்.

"அக்காகிட்ட சொல்லு விக்கா. ரொம்ப நல்லாப் பண்ணியிருக்காங்க. பதில் போற வழியை மட்டும்... நேரம் கிடைச்சா ஒரு தடவை பார்க்கச் சொல்லு."

"நீயே சரிபண்ணிட்டா என்ன?"

"அக்கா செஞ்சதுல நான் கைவைக்கிறதா? நல்லா இருக்கே!"

விக்கா சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்தாள். "உன் தம்பி உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறான் அக்கா. பதில் போற வழியோ என்னமோ, நேரம் கிடைச்சாப் பார்க்கணுமாம்."

"அவன் புகழ்ந்தானா? குடை எடுத்துட்டுப் போ, மழை வரும். திங்கக்கிழமை பார்க்கிறேன்னு சொல்லு. நாளைக்குச் சாப்பாட்டுக்குச் சேப்பங்கிழங்கு இலையில லூ கட்ட இன்னும் தேங்காய்கூடத் துருவலை."

சாயங்காலம் லொபெட்டி கரைக்கு வரவில்லை. யாரும் பதறவும் இல்லை. சனி இருட்டுவதற்குள் வந்துசேராத படகு ஏதாவதொரு திட்டின் மறைவில் நங்கூரம் போட்டுத் திங்கள்வரை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மீன் இறக்குவது பாவம், அந்த நாட்டுச் சட்டப்படியும் குற்றம். போனிலும் அவன் புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது.

"மீன் அழுகினாலும் அழுகட்டும், என் பிள்ளை ஞாயித்துக்கிழமையைக் கெடுக்கமாட்டான்" என்றாள் மாமியார் சுலியா.

"கெடுத்தா நீங்க வீட்டுக்குள்ள விட்டுருவீங்களா அத்தை?" என்று பிசிலாவும் சிரித்தாள்.

மறுநாள் சாப்பாடு முடிந்து, இரண்டாம் ஆராதனைக்குக் கடற்கரை ரோட்டில் நடந்தார்கள். படகுத்துறையில் பக்கத்து வீட்டுக்காரரின் நீலப் படகு கட்டிக்கிடந்தது. முந்தின நாள் பொழுதுசாயவே வந்துவிட்ட படகு. பிசிலா சும்மா போனைப் பார்த்தாள். அதில் நீலப் படகும் நடுக்கடலில் நின்றது. எல்லாப் படகும் நேற்று மத்தியானம் நின்ற இடத்திலேயே நின்றன.

கோயிலுக்கென்று மரியாதைக்காக உடைமேல் சுற்றிக் கட்டிய இடுப்புப் பாயோடு ஆபீசுக்கு ஓடினாள். ரோட்டில் அவள் ஓடுவதைப் பார்த்து மாக்காவும் பின்னால் வந்தான். பலகைத் தடுப்புக்கு அருகே ஒரு கணம் நின்றான். பிறகு உள்ளே வந்து, அவள் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"பழைய கார்டுல வந்ததுக்குப் பழைய கார்டுலயே பதில் போகணும். அந்த ஒரு விதியை எழுதுங்க அக்கா."

எழுதினாள். அவ்வளவுதான் வேலை. பெட்டிகள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் கொட்டத் தொடங்கியது.

லொபெட்டியின் பெட்டி சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து பேசியது. சிவப்புப் பொத்தான். மறுபடி சிவப்புப் பொத்தான். இஞ்சின் நின்ற படகைக் காற்று மேற்கே தள்ளிக்கொண்டு போக, ஒவ்வொரு அழுத்தலும் இன்னும் தள்ளி, இன்னும் ஆழமான கடலிலிருந்து. விடியற்காலையில் கடைசி. அதற்குப் பிறகு பெட்டி தானாக இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. பொத்தானை யாரும் தொடவில்லை.

கடற்படைக்குப் போன் செய்ததும் ரோந்துப் படகு கிளம்பிவிட்டது. திங்கட்கிழமை, பாதி மூழ்கிய படகு கிடைத்தது. லொபெட்டி கிடைக்கவில்லை.

தேடுவதை நிறுத்திய அன்று வீடு நிறைய ஜனம். ஜெபப் பாட்டுகளைப் பாடி முடித்து எல்லோரும் அமர்ந்திருந்தபோது சுலியா கேட்டாள்: "என் பிள்ளை கூப்பிட்டானா?"

"கூப்பிட்டாரு அத்தை. ராத்திரி பூரா கூப்பிட்டாரு. நான் செஞ்ச வேலையில அது வந்து சேரலை."

வெளியே ஆண்களோடு உட்கார்ந்திருந்த மாக்கா எழுந்து வாசலுக்கு வந்தான். "எனக்கு சனிக்கிழமையே தெரியும் அத்தை. அக்கா மனசு நோகக் கூடாதுன்னு மெதுவாச் சொல்லி அனுப்பினேன்."

பிசிலா தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு நேரம் இருந்துச்சுடா" என்றாள். "நிறைய இருந்துச்சு."

சுலியா எழுந்து போய், செத்தவருக்கு நெருங்கிய சொந்தம் இடுப்பில் கட்டிக்கொள்ளும், ஓரம் கிழிந்த பெரிய துக்கப் பாயை எடுத்து வந்தாள். மருமகளை நிற்கவைத்து இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். கயிறு முடிச்சில் நிற்காமல் நழுவியது. விக்கா எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.