திம்மராயனுக்கு ஒரு நிமிட மௌனம்

வாசகப் பெருமக்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். கதை எழுதிப் பழகாத கை இது. பெரியவர்கள் எழுதும் இடத்தில் அடியெடுத்து வைப்பதற்கே கூச்சமாக இருக்கிறது. ஆயினும் பொற்கொடிக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை.

பொற்கொடி ஓசூரில் கியர் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 'க்யூசி' எனப்படும் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். அங்கே மதிய உணவு வேளையில் கேன்டீன் ஒலிபெருக்கியில் 'இந்த நாளில் இசை' என்றொரு ஐந்து நிமிட நிகழ்ச்சி உண்டு. எந்தப் பாடகி பிறந்த நாள், எந்த இசைத்தட்டு வெளியான நாள், எந்தக் குழு முதன்முதலாக மேடையேறிய நாள் என்று தேடித் தேடி, ஆண்டு முழுவதற்குமாக மூன்று நோட்டுகளில் எழுதி வைத்திருந்தவள் அவள்தான். அன்றன்றைக்கு உரியதை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பாள். மைக்கில் படிப்பவர் மனிதவளப் பிரிவின் ரத்தினவேல். திருநெல்வேலிக்காரர், வந்து இரண்டு வருடமாகிறது, வெண்கலக் குரல். மறைந்தவர் நினைவு நாள் வந்தால், "எழுந்து நிற்போம்" என்பார். நானூறு பேரும் தட்டை வைத்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பார்கள். அது அங்கே வழக்கமாகிவிட்டது.

பொற்கொடியின் பெயரை மட்டும் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

"கடைசியில என் பேர ஒரு வாட்டி சொல்லிடுங்க சார்" என்று கேட்டும் பார்த்தாள்.

"கேக்கவங்களுக்குக் குரல்தாம்மா மனசுல நிக்கும். எழுதுனது யாருன்னு எவன் கேக்கான்?" என்று சிரித்தார் ரத்தினவேல்.

ஆண்டு விழாவில் அந்த நிகழ்ச்சிக்காக அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பொற்கொடியும் கைதட்டினாள். தட்டிய கை வீடு வந்த பின்னும் எரிந்தது.

ரத்தினவேல் தாளை முன்கூட்டிப் பார்க்கிறவர் அல்லர். பெங்களூரிலிருந்து இயக்குநர் வரும் நாளாகப் பார்த்து, செப்டம்பர் பன்னிரண்டாம் தேதித் தாளில், இரண்டு உண்மைகளுக்குக் கீழே ஒரு பொய்யை வைத்தாள்.

கேட்டில் காவலுக்கு நிற்கும் திம்மராயன் ஒரு காலத்தில் தளி, ராயக்கோட்டைத் திருவிழா மேடைகளில் பாடியவர்; சொந்தமாகப் பாட்டுக் கட்டி இரண்டு கேசட் வெளியிட்டவர். சுற்றுவட்டாரத்து ஆட்கள் எல்லோருக்கும் அது தெரியும். ரத்தினவேலுக்கு அவர் வெறும் 'செக்யூரிட்டி'. "கண்ணு, இன்னிக்கி எந்தப் பாட்டுக்குப் பொறந்த நாளு?" என்று தினமும் கேட்டுத்தான் திம்மராயன் பொற்கொடியை உள்ளே விடுவார். அவரிடம் அவள் எதையும் சொல்லவில்லை. தெரிந்தால் சிரிப்பார் என்று தானாகவே முடிவு செய்துகொண்டாள்.

"பத்தாண்டுகளுக்கு முன்பு இதே நாளில்தான், இம்மண்ணின் மெல்லிசைக் குரலான தளி திம்மராயன் அமரரானார்" என்று குரல் தழுதழுக்கப் படித்தார் ரத்தினவேல். இரண்டு கேசட்டின் பெயர்களையும், அவற்றிலிருந்த பாட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். "எழுந்து நிற்போம்."

பழக்கத்தில் நானூறு பேரும் எழுந்தார்கள். இயக்குநரும் எழுந்தார். ரத்தினவேல் கண்மூடித் தலைகுனிந்து நின்ற கோலத்தைப் பார்க்கப் பார்க்கப் பொற்கொடிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்போதுதான் கடைசி வரிசையைக் கவனித்தாள். இயக்குநரின் காரை உள்ளே விட்டுவிட்டுச் சாப்பிட வந்திருந்த திம்மராயன், தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"யோவ் திம்மண்ணா, நீ எதுக்குய்யா எந்திரிச்ச? உனக்குத்தான் நாங்க நிக்கறோம்!" என்றான் லேத்தில் வேலை செய்யும் மாரிசாமி.

கேன்டீனே வெடித்துச் சிரித்தது.

"நான் இருக்கறேங்க சார்," என்றார் திம்மராயன், இயக்குநரைப் பார்த்து. "கேட்டுலதான் நிக்கறேன்."

ரத்தினவேலின் முகம் வெளிறியது. கையில் மைக் இருப்பதையும் மறந்து கத்தினார்: "சார், இது நான் எழுதுனதில்ல! ரெண்டு வருசமா எல்லாத்தையும் எழுதுறது பொற்கொடிதான்! க்யூசி பொற்கொடி!"

எட்டு ஒலிபெருக்கிகளிலும் அவள் பெயர் கணீரென்று ஒலித்தது.

மாலையில் கேட்டில் அவளுடைய பையைச் சோதித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார் திம்மராயன்.

"பாட்டுப் பேரெல்லாம் ஒண்ணு வுடாம எழுதியிருந்த கண்ணு. உசுரோட இருக்கறான்னு எழுதியிருந்தா எந்திரிச்சு நின்னிருக்க மாட்டாங்களா?"

மறுநாள் காலையில் அவர் எதுவும் கேட்காமலே கதவைத் திறந்துவிட்டார்.

இழந்தவை இவை: ரத்தினவேலின் மைக். அவருடைய கேடயம். ஐந்து நிமிட நிகழ்ச்சி. விசாரணைக்கென்று நிர்வாகம் வாங்கி, திருப்பித் தராத மூன்று நோட்டுகள். கேட்டில் தினமும் கேட்கப்பட்டுவந்த ஒரு கேள்வி.