கதவைப் பாத்துச் சொன்ன மறுமொழி

எனக்குக் கோவம் சட்டெண்டு வரும். அதை மறைச்சு என்ன பிரயோசனம்? அண்டைக்குப் பின்னேரம் என்ரை அண்ணை யோகலிங்கம் ரெலிபோனில, "ஐயரோட கதைச்சிட்டன் சிவமலர். கார்த்திகை அமாவாசைக்குத் திவசத்தைச் செய்வம்" எண்டார். நான் ரிசீவரைப் படாரெண்டு வச்சிட்டன்.

அவர் விடுற ஆள் இல்லை. கிழக்கு லண்டனில, செவன் கிங்ஸில இருக்கிற தன்ரை வீட்டில இருந்து திரும்ப எடுத்தார்.

"பிள்ளை, அஞ்சு வருஷமாப் போச்சு. உயிரோட இருந்தால் ஒரு கடிதமாவது வந்திருக்கும். கடைசியாக் கண்ட நாள் தெரிஞ்சால் அந்தத் திதியிலயே செய்யலாமாம், தெரியாட்டி அமாவாசைதானாம். உனக்குத்தான் நாள் ஞாபகமில்லையே. ஒரு கிழமைக்குள்ள ஐயருக்கு முடிவு சொல்லவேணும்."

"ஓம், ஞாபகமில்லை" எண்டன்.

அது பச்சைப்பொய். என்ரை மனுசன் கணேசலிங்கம் சாவகச்சேரி வீட்டிலயிருந்து கொழும்புக்கு வெளிக்கிட்ட நாளும் தெரியும், நேரமும் தெரியும். அவர் கொழும்புக்குப் போய்ச் சேரேல்லை. எந்த இடத்தில என்ன நடந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நாளைச் சொன்னால் ஐயர் பஞ்சாங்கத்தைப் பிரிச்சுத் திதியைச் சொல்லிப்போடுவார். பிறகு அவர் செத்தவர்தான். அதுக்கு என்ரை வாயால சம்மதம் குடுக்க எனக்கு ஏலாமல் இருந்தது.

அடுத்த நாள் வேலைக்குப் போனன். ஹோபர்ன் பக்கம் ஒரு மாடியில, யப்பானில இருக்கிற ஹிராமினே பல்கலைக்கழகத்தின்ரை லண்டன் கந்தோர். ரெண்டு அறையும் ஒரு தேத்தண்ணிக் கேத்திலும். அங்கை நான் ரைப் அடிக்கிறனான். பொறுப்பாயிருந்தவ மிசஸ் ஓக்குபோ, அறுபது வயசிருக்கும், குரல் உயர்த்திக் கதைச்சதை நான் கேட்டதில்லை. நான் மேசை லாச்சியை அடிச்சுச் சாத்தினாலும் "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" எண்டுதான் கேப்பா. அதுக்கும் எனக்குக் கோவம் வரும்.

நவம்பர் ஏழாம் திகதி அவையின்ரை நிறுவன நாள், பல்கலைக்கழகம் தொடங்கின நாள். அந்த வருஷம், தொண்ணூற்றொண்டில, லண்டனிலயும் சின்னதாக் கொண்டாட இருந்தவை. அந்த நாள் எப்பிடி வந்ததெண்டு இங்கிலீசில ஒரு சின்னப் புத்தகம் போடவேணும். யாரோ மொழிபெயர்த்ததை நான் ரைப் அடிச்சுக்கொண்டிருந்தன்.

செய்கிச்சி ஹிராமினே எண்டொரு வைத்தியர், கடற்கரைப் பட்டினமொண்டில, தன்ரை வீட்டிலயே பள்ளிக்கூடம் தொடங்கினவராம். அதுதான் பிறகு பல்கலைக்கழகமா வளந்ததாம். ஒரு நவம்பர் ஏழாம் திகதி, புத்தகம் வாங்கக் கப்பலேறப் போனார். கப்பல் போய்ச் சேரேல்லை. அவற்றை மனுசி தோமி, பள்ளிக்கூடத்தைத் தானே நாப்பது வருஷம் நடத்தினா. இடையில நெருப்புப் பிடிச்சுப் பதிவெல்லாம் எரிஞ்சுபோச்சு. அரசாங்கத்தில இருந்து வந்து, பள்ளிக்கூடம் எண்டைக்குத் தொடங்கினதெண்டு கேட்டிருக்கினம். ஊர்ப் பெரியாக்கள் ஏப்ரல் மாதமெண்டவை. தோமி, நவம்பர் ஏழு எண்டு எழுதச் சொன்னா.

"அது உங்கடை மனுசன் துலைஞ்ச நாளெல்லோ?" எண்டு கேட்டிருக்கினம்.

"அண்டையில இருந்து காலமை கதவைத் திறக்கிறது நான். அதுதான் தொடங்கின நாள்" எண்டாவாம். 

அதுவரைக்கும் விரல் ஒழுங்கா ஓடினது. அடுத்த வசனத்தில மிசஸ் ஓக்குபோ சிவப்புப் பேனையால கோடு போட்டிருந்தா. 'வைத்தியர் வாசலில நிண்டு, நான் போகிறேன் எண்டார். மனைவி பதில் சொல்லவில்லை.'

"இது பிழை, ஆனால் எப்பிடித் திருத்துறதெண்டு தெரியேல்லை" எண்டா அவ. "எங்கடை சனம் வீட்டாலை வெளிக்கிடேக்கை 'போகிறேன்' எண்டு சொல்லாது. 'இத்தெக்கிமஸ்' எண்டுதான் சொல்லும். போய், திரும்பி வருவேன். வீட்டில இருக்கிறவை 'இத்தெராஷ்ஷாய்' எண்டு சொல்லவேணும். போய் வாருங்கள். இங்கிலீசில இதுக்குச் சொல்லே இல்லை."

"எங்களிட்ட இருக்கு" எண்டன். "போட்டு வாறன். போட்டு வாங்கோ."

அவ ரெண்டையும் மெல்லச் சொல்லிப் பாத்தா. பிறகு மிச்சக் கதையைச் சொன்னா. அவர் வாசலில நிண்டு சொல்லேக்கை தோமி உள்ளுக்குப் பிள்ளையளுக்குக் கணக்குக் காட்டிக்கொண்டு நிண்டவவாம். பிறகு சொல்லுவமெண்டு திரும்பிப் பாக்கேல்லை. அதாலை ஒவ்வொரு நிறுவன நாளும் எல்லாரும் எழும்பி, கதவைப் பாத்து, அவ சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்லைச் சொல்லுவினமாம். வேறை பேச்சொண்டும் இல்லையாம்.

நான் கதிரையை விட்டு எழும்பினன். கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நிண்டன்.

என்ரை மனுசன் வெளிக்கிட்ட அண்டைக்கு எங்கடை சாவகச்சேரி வீட்டில சண்டை. அண்ணை என்னை லண்டனுக்கு எடுக்கிறனெண்டு எழுதியிருந்தார். இவர், "நீ முதல் போ, நான் பின்னால வாறன்" எண்டார். தனியப் போகமாட்டனெண்டு நான் ஒற்றைக் காலில நிண்டன். அவர் கேக்கேல்லை. என்ரை பாஸ்போட் அலுவலாத்தான் கொழும்புக்கு வெளிக்கிட்டவர். நான் அடுப்படியில நிக்க, குசினி வாசலில நிண்டு, "போட்டு வாறன்" எண்டார். நான் திரும்பேல்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொருக்காச் சொன்னார், "சிவமலர், போட்டு வாறன் என்ன?" நான் கேத்தில் மூடியை எடுத்து டங்கெண்டு போட்டன். அவ்வளவுதான் என்ரை மறுமொழி. என்ரை பாழாய்ப்போன கோவம்.

அந்தச் சத்தத்தை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அண்ணைக்கும் இல்லை. போட்டு வாறனெண்டு சொன்ன மனுசன் வருவார், வந்தால் மறுமொழி சொல்லலாமெண்டு இருந்தன். எள்ளுந்தண்ணியும் இறைச்சால் பிறகு ஆருக்குச் சொல்லுறது?

நவம்பர் ஏழாம் திகதி பத்துப் பன்ரண்டு பேர் வந்தவை. மாணவர் கொஞ்சப் பேர், ரெண்டு இங்கிலீசுப் பேராசிரியர்மார். மிசஸ் ஓக்குபோ கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தா. நான் பிளேட்டுகளை அடுக்கிக்கொண்டு பின்னால நிண்டன். எல்லாரும் எழும்பி, படிக்கட்டுப் பக்கத்துக் கதவுக்கு முகம் காட்டி நிண்டவை. கதவைத் திறந்து விட்டிருந்தவை. படியில ஒருத்தரும் இல்லை.

"இத்தெராஷ்ஷாய்" எண்டு எல்லாரும் ஒண்டாச் சொல்லிச்சினம்.

எனக்கு அந்தச் சொல் வாயில வரேல்லை. அவை சொல்லி முடிஞ்சு, அறை அமைதியான பிறகு, "போட்டு வாங்கோ" எண்டன். பலமாத்தான் சொன்னன் போல. ரெண்டு பேர் திரும்பிப் பாத்தவை. மிசஸ் ஓக்குபோ திரும்பேல்லை. கதவைப் பாத்தபடியே தலையைக் குனிஞ்சா. நான் பிளேட்டுகளை மேசையில வச்சிட்டு, முந்தானையாலை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதன்.

ஆக்கள் போன பிறகு கந்தோர்ப் போனிலயே அண்ணைக்கு எடுத்தன்.

"அமாவாசை வேண்டாம். எழுதுங்கோ. எண்பத்தாறு, ஆகஸ்ட் இருபத்தொண்டு, வியாழக்கிழமை. காலமை ஆறேகால்."



"நேரமும் ஞாபகமிருக்கே பிள்ளை? பிறகேன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நான் அவரை வழியனுப்பேல்லை அண்ணை. இண்டைக்குத்தான் அனுப்பினனான்."

 ரெலிபோனுக்குள்ள அண்ணை பேனை தேடுற சத்தம் கேட்டது. திகதியைத் திரும்பச் சொல்லச் சொன்னார், சொன்னன்.