கூப்பிடுகிற பெயர்

நசுங்கிய வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும், அது மோதியது நேற்றா போன மாதமா என்று சர்வேயர் சொல்லிவிடுவார். காப்பீட்டுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வேலை. பழைய கீறலைப் புதுக் கீறலோடு சேர்த்துக் கணக்குக் காட்டுபவர்கள், சும்மா நின்ற காரைச் சுத்தியலால் அடித்துவிட்டு லாரி மேல் பழி போடுபவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. "இவருக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாலும், எதுக்குக் கொடுக்கிறேன்னு விசாரிச்சுட்டுத்தான் குடிப்பார்" என்று மனைவி ஒரு காலத்தில் கேலி செய்வாள்.

அந்தக் கேலி நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூத்த மகன் பதினொரு வயதில் காய்ச்சலில் போனான். அதற்குப் பிறகும் அவள் சமைத்தாள், துவைத்தாள், தையல் மிஷினில் உட்கார்ந்தாள். ஆனால் கூப்பிட்டால் இரண்டாவது குரலுக்குத்தான் திரும்புவாள். திரும்பிய முகத்திலும் ஆள் இருக்கமாட்டாள்.

ஒரு நாள் பத்திரிகையிலிருந்து கிழித்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். வெளிநாட்டில் குழந்தைகள் பள்ளி. தையல் சொல்லித்தர ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது, தங்க இடம் உண்டு.

"குடும்பமா வரலாமாம்" என்றாள்.

அந்த இரண்டு வருஷத்தில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் அது. சர்வேயர் சேர்ந்து கிடந்த விடுப்பையெல்லாம் எடுத்தார். ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்குக் கிளம்பினார்கள். மகளுக்கு நல்ல பெயர் இருந்தும் வீட்டில் 'சின்னது'தான். பெரியது இல்லாமல் போன பிறகும் அதை யாரும் மாற்றவில்லை.

பள்ளியில் நாற்பது பிள்ளைகள், பாதிக்கு மேல் விடுதியிலேயே தங்கிப் படிப்பவர்கள். மாடியில் தையல் அறை. கீழே முற்றத்தில் ஆடுகிற பெஞ்சுகளுக்கும் மூடாத கதவுகளுக்கும் திருகாணி போடுகிற வேலை சர்வேயருக்கு.

மூன்றாம் நாள் காலை பெஞ்சுக்கடியில் படுத்திருந்தபோது மாடி ஜன்னலிலிருந்து ஒரு பிள்ளைக்குரல் வந்தது.

"அம்மா."

அட்சரம் பிசகாத தமிழ். சின்னதுதான் என்று நினைத்தார். ஆனால் சின்னது திருகாணி டப்பாவோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. மாடியில் இன்னொரு குரல், இன்னொரு "அம்மா". மதியத்துக்குள் பள்ளிக்கூடமே கூப்பிட்டது.

"நீ சொல்லிக் கொடுத்தியா?"

"இல்லப்பா."

"நிஜமா?"

"நான் எதுக்குப்பா சொல்லித் தரணும்? எனக்கே அந்தக் கூட்டத்துல அம்மா திரும்ப மாட்டேங்கிறாங்க" என்றது சின்னது, மூக்கைச் சுருக்கிக்கொண்டு.

அதுதான் விசேஷம். பள்ளிப் பிள்ளைகளில் யார் கூப்பிட்டாலும் அவள் முதல் குரலுக்கே திரும்பினாள். இரண்டாவது வாரம் மாடியில் யாரையோ திட்டுகிற சத்தம் கேட்டது. திட்டுவதற்கு ஒரு தெம்பு வேண்டும். சர்வேயர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷம்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷப் புத்தி சும்மா இருக்குமா? தமிழே கேட்டிராத பிள்ளைகளுக்கு மூன்றே நாளில் இந்தச் சொல் எப்படி வந்தது?

ஐந்தாவது வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். "உங்க வீட்டம்மா ஒரு வருஷம் இருக்க முடியுமா? உங்க மகளும் இங்கேயே படிக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க." அவருடைய ஆங்கிலம் மெதுவாக, படி இறங்குவதுபோல் வரும்.

மனைவியிடம் போய்ச் சொன்னார். அன்று சாயங்காலமே அவள், ஒரு வருஷத்துக்கு எத்தனை நூல்கண்டு வேண்டியிருக்கும் என்று சின்னதோடு பேசிக்கொண்டிருந்தாள்.

சர்வேயருக்கு கிளம்புவதற்கு முன் நிரப்பிய விண்ணப்பத்தாள் ஞாபகம் வந்தது. 'குழந்தைகள்' என்ற இடத்தில் பழக்க தோஷத்தில் இரண்டு என்று எழுதி, அடித்து, ஒன்று என்று திருத்தியிருந்தார். அடித்துத் திருத்திய எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். இந்தத் தலைமையாசிரியையும் பார்த்திருக்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வருகிறாள், இந்தச் சொல்லைக் கேட்டால் இங்கேயே கிடப்பாள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நாளைக்கு உண்மை தெரிந்தால் மனைவி பழையபடி சுவராகிவிடுவாள். இந்தத் தடவை அவளை எழுப்ப எந்தப் பத்திரிகைத் துண்டும் வராது.

விசாரணையை வேன் டிரைவரிடமிருந்து ஆரம்பித்தார்.

"இதுக்கு முன்னாடி தையல் சொல்லித் தந்தவங்களைப் பிள்ளைங்க எப்படிக் கூப்பிட்டாங்க?"

"பேர் சொல்லித்தான். இப்ப உங்க மனைவியைக் கூப்பிடுற மாதிரியே."

டிரைவரையும் நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பிறகு அலுவலக வராந்தாவில் மாட்டியிருந்த கரும்பலகையைப் பார்த்தார். யார் யாருக்கு என்ன வேலை என்ற பட்டியல். தையலுக்கு நேரே, ஆங்கில எழுத்தில், 'அம்மா'. ஓரத்தில் இருந்த தேதி அவர்கள் வந்து இறங்கிய நாள். பிள்ளைகள் கூப்பிடுவதற்கு இரண்டு நாள் முன்பே எழுதியாயிற்று. கையும் களவுமாக அகப்பட்டாயிற்று.

வெள்ளிக்கிழமை மதியம் தலைமையாசிரியையின் அறைக்குள் போய் நின்றார்.

"எங்க வீட்டு விஷயத்தை விண்ணப்பத்துல பார்த்துட்டுத்தானே பிள்ளைங்களுக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தீங்க?"

"எந்த வார்த்தை?"

வராந்தாப் பலகையைக் காட்டினார். அந்த அம்மாள் பலகையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"அது அவங்க பேர் இல்லையா?"

சர்வேயர் பலகையை இன்னொரு தடவை படித்தார்.

"வந்த அன்னிக்குப் பெட்டி இறக்கும்போது நீங்கதானே அப்படிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. மகள் மட்டும் கூப்பிட்டிருந்தா உறவுமுறைன்னு நெனச்சிருப்பேன். புருஷனும் அதையே சொன்னா அது பேராத்தானே இருக்கணும்? விண்ணப்பத்துல இருந்தது ஒரு முழம் நீளம். அது காகிதத்துக்கு, இது கூப்பிடுறதுக்குன்னு நெனச்சேன்."

மெதுவாம்மா. அந்தப் பையை விடும்மா. சின்னதைப் பிடிச்சுக்கம்மா. பதினைந்து வருஷமாக வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"ஆனா ஒரு குழப்பம் இருந்துச்சு. உங்க மகளையும் அப்படித்தான் கூப்பிடுறீங்க. நேத்து எங்க சமையல்காரிகிட்டேயும் சொன்னீங்களாம். எனக்கு எதுக்கு அந்தப் பேர்னு வந்து கேட்டா. அதுக்கு என்னதான் அர்த்தம்?" தலைமையாசிரியையின் குரல் தாழ்ந்தது. "ஏன் கேக்கிறேன்னா, இங்க ஒரு விதி இருக்கு. வந்து போறவங்களைப் பிள்ளைங்க அப்பான்னோ அம்மான்னோ சொல்லக்கூடாது. இந்தப் பிள்ளைங்கள்ல பலருக்கு ஏற்கெனவே அந்த இடம் காலி. ஒவ்வொரு தடவையும் காலியாக்கக் கூடாது."

கதவுப் பக்கம் நிழல் தட்டியது. மனைவி மொண்ணைக் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"மரியாதைச் சொல்" என்றார் சர்வேயர். "பெண்களை மரியாதையாக் கூப்பிடுறது."

"அப்ப சரி" என்று தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மனைவி அவரோடு முற்றத்துக்கு இறங்கினாள். சின்னது உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அருகில் வந்ததும் நின்றாள்.

"மரியாதைச் சொல்லா?"

"பொய் இல்லையே."

"பொய் இல்ல. பாதியை மறைச்சிருக்கீங்க. இப்படி ஒருத்தன் எழுதிக் கொடுத்தா பாஸ் பண்ணுவீங்களா?"

"மாட்டேன்."

அவள் கத்தரிக்கோலைத் திறந்து மூடினாள். "தானா கூப்பிடுதுங்கன்னு நெனச்சேங்க. முகத்தைப் பார்த்து, என்னமோ தோணி. கடைசியில அதுங்களுக்கு அது வெறும் சத்தம்."

"இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கு நல்லாயிருக்கில்ல. யாருக்கும் தெரியப் போறதில்ல."

"ஒரு வருஷம் கழிச்சு நானும் சின்னதும் போயிடுவோம். என்னிக்காவது யாராவது அர்த்தம் சொல்லுவாங்க. அன்னிக்கு அதுங்க யாரைப் போய்க் கேக்கும்?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் திரும்பி நடந்தாள். கேட்டால் புரியுமே தவிர, அவளுக்குப் பேச வந்த ஆங்கிலம் பத்துப் பதினைந்து வாக்கியம்தான். துணைக்கு வரட்டுமா என்று பின்னால் கிளம்பியவரைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

வராந்தாவில் இரண்டு பேரும் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. மனைவி ஒரு கையை நெஞ்சில் வைத்து என்னவோ சொன்னாள். தலைமையாசிரியை அவள் தோளைத் தொட்டார். பிறகு துணியை எடுத்து, பலகையில் அந்த ஒரு சொல்லை மட்டும் துடைத்துவிட்டு, சாக்பீஸை அவள் கையில் கொடுத்தார். அவள் எழுதியதைத் தலைமையாசிரியை படித்துப் பார்த்தார். அவள் பெயரின் நடுவில் ஒரு 'ழ' உண்டு. மூன்று தடவை படித்தும் மூன்று விதமாக வந்தது போலிருக்கிறது, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"அப்பா, நீங்க அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லல்ல?" என்றது சின்னது.

"இல்ல."

"இனிமே கூப்பிடணும். இல்லைன்னா மறுபடியும் குழம்பிடுவாங்க."

மனைவி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் ஆள் இருந்தாள்.

"எல்லாம் சொல்லிட்டேன், பெரியவனைப் பத்தியும். ஒரு வருஷம் இருக்கேன்னும் சொல்லிட்டேன். பேர் சொல்லியே கூப்பிடட்டும்."

"சரிம்..." என்று ஆரம்பித்த சர்வேயர் பாதியில் நிறுத்தினார். யாராவது பார்க்கிறார்களா என்று முற்றத்தைச் சுற்றி ஒரு பார்வை விட்டார். பிறகு, வருகைப் பதிவேட்டிலிருந்து படிப்பவர் மாதிரி, இனிஷியலோடு அவள் பெயரைச் சொன்னார்.