மூன்று ராஜாவும் ஒரு கட்டு உறையும்

காஸ்டோவின் சவப்பெட்டி நான்கு நாட்களாக முன்னறையில் இருந்தது. வாசல் பந்தலில் சீட்டாட்டம் நடந்தது. லிபா ஊரில் துக்க வீட்டில் சீட்டாடுவது தப்பில்லை. ஜெயித்தவன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பங்கைத் தகர டப்பாவில் போட வேண்டும். அது செத்தவர் குடும்பத்துக்கு. ஊர் கூடி அழுதால் மட்டும் அடக்கச் செலவுக்குக் காசு வந்துவிடுமா?

எர்னிங் முச்சக்கர வண்டி ஓட்டுபவன். போக்கரில் அவனை அடித்துக்கொள்ள அந்தச் சந்தில் ஆளில்லை. கையில் நல்ல சீட்டே இருந்தாலும், எதிராளியின் முகம் சரியில்லை என்றால் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான்.

அன்று மத்தியானம் எதிரே உட்கார்ந்தவன் ரோமல், செத்தவரின் ஒரே மகன். கப்பல் வேலையிலிருந்து அவன் வந்து சேர்வதற்குள் அப்பாவின் உயிர் போய்விட்டது. அந்தக் குமைச்சலில் கண்மண் தெரியாமல் ஆடினான். வந்த சீட்டைப் பார்க்காமலே காசை நடுவில் தள்ளினான்.

"அடேய், சீட்டையாவது திருப்பிப் பாருடா! மீனையே செவுளைத் தூக்கிப் பாத்துத்தான் வாங்குறோம்" என்றான் கசாப்புக்கடை ஓனியோ.

"பாத்து என்ன மாமா ஆகப்போகுது? எல்லாத்தையும் பாத்துப் பாத்து செஞ்சவரு உள்ள படுத்திருக்காரு."

ஓனியோ சீட்டைக் கவிழ்த்தான். எர்னிங் கையில் மூன்று ராஜா, இரண்டு ஏழு. எப்போதாவது வருகிற சீட்டு. காசு தீர்ந்துபோன ரோமல் விருட்டென்று உள்ளே போய், துக்கம் கேட்க வந்தவர்கள் கொடுத்த வெள்ளை உறைகளைக் கட்டாக எடுத்து வந்து நடுவில் வைத்தான். மேலேயிருந்த உறையில் எர்னிங்கின் பெயர், அவன் கையெழுத்திலேயே. முந்தாநாள் இருநூறு பெசோ வைத்து அவன் கொடுத்தது.

"தம்பி, இது அடக்கத்துக்கு வெச்ச பணம்டா" என்றான் எர்னிங்.

"ஆடுறீங்களா, இல்ல பயமா?"

கவிழ்த்திருந்தால் ரோமல் ஜெயித்திருப்பான், உறைகள் உள்ளே போயிருக்கும். எர்னிங்குக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் பார்க்காமல் ஆடுபவனிடம் இந்தச் சீட்டைக் கவிழ்க்கிறவன் மடையன் என்றது மனசு. டப்பாவுக்கும் பங்கு போகிறதே என்றது. பாழாய்ப் போன மனசு, சாக்குக் கண்டுபிடிக்க அதற்குச் சொல்லியா தர வேண்டும்! முன்னாலிருந்த காசையெல்லாம் அவனும் தள்ளினான்.

ரோமலின் சீட்டில் தேறியது ஒரு ஜோடி நான்கு மட்டும்தான். எழுந்தான். செருப்பைக்கூட மாட்டாமல் சந்தைத் தாண்டிப் போனான்.

துக்க வீட்டிலிருந்து யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. ஆவி கூடவே வந்துவிடும் என்று, வழியில் எங்காவது உட்கார்ந்து அதை உதறிவிட்டுத்தான் போவார்கள். எர்னிங் ஒரு கடையில் லோமி நூடுல்ஸ் சூப் சொன்னான். அது ஆறியது. அடுத்த கடையில் காபி சொன்னான். அதுவும் ஆறியது. மடியில் உறைகள் கனத்தன. மீன்காரியின் பெயர், வாத்தியாரின் பெயர், துணி வெளுப்பவளின் பெயர். சே, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

திரும்ப ஓடினான். பெட்டியருகே இருந்த காஸ்டோவின் மனைவி லுமிங்கின் காலடியில் உறைகளை வைத்தான்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. புத்தி கெட்டுப்போச்சு."

அவள் உறைகளைத் தொடவில்லை. "பணம் வந்துருச்சு. என் புள்ள எங்க, எர்னிங்?"

பொழுது சாயும்வரை வண்டியில் தேடினான். வெறுங்காலோடு ஒருத்தன் துறைமுகத்து பஸ்ஸில் ஏறினதாக யாரோ சொன்னார்கள். மறுநாள் அடக்கத்துக்கும் ரோமல் வரவில்லை. மகன் தோள் கொடுக்க வேண்டிய இடத்தில் எர்னிங் கூனிக்குறுகி நின்று பெட்டியைத் தூக்கினான்.

கல்லறை வாசலில் ஓனியோ தேற்றினான். "ஆட்டம்னா ஆட்டம்தானேடா. மூணு ராஜாவை எவன் கவிழ்ப்பான்?"

"நான் கவிழ்த்திருக்கணும்ண்ணே" என்றான் எர்னிங். "கையில இருந்த சீட்டைத்தான் பாத்தேன், எதிர்ல இருந்தவனைப் பாக்கல. தன்னைத்தானே அழிச்சுக்கிறவன்கிட்ட ஜெயிக்கிறது திருட்டுண்ணே. எவ்வளவு நல்ல சீட்டா இருந்தாலும் கீழ போட்டுட்டு, அவன் கையைப் புடிச்சு எழுப்பிவிட்டிருக்கணும்."