நாலு விரல் உயரம்

என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கு ஊர் வைத்த பெயர் குள்ளச் சவரி. நான் அவரைவிட நாலு விரல் உயரம். மாதா கோயிலில் தாலி கட்டிய கையோடு, போட்டோவுக்கு இந்த மனுஷன் செங்கல் மேல் ஏறி நின்றார். நாற்பது வருஷமாக அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. என் பொறுமைக்குக் கோயிலே கட்டலாம்.

இரண்டு மூன்று வருஷமாக இருவரும் ஒரே உயரம். "பாத்தியா செல்வி, உன்ன புடிச்சிட்டேன்" என்று கண்ணாடி முன்னால் தோளை உரசிக்கொண்டு நிற்பார். அறுபது தாண்டி எந்த ஆம்பிளை வளர்வான்? ஆனாலும் அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை.

பாழாய்ப்போன இடுப்புதான் என்னைப் படுத்தியது. மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்த உடம்பு. நாலு எட்டு வைப்பதற்குள் கால் மரத்துப்போகும், உட்கார்ந்து எழுந்தால்தான் அடுத்த எட்டு. முதுகெலும்பு விலகியிருக்கிறது, ஸ்க்ரூ போட்டு நிறுத்தலாம் என்றார் புதுச்சேரியில் டாக்டர் அருள்மொழி. உடனே போடுங்க என்றேன்.

"மொதல்ல எலும்பு எவ்ளோ கெட்டியா இருக்குதுன்னு பாக்கணும்மா. உளுத்த மரத்துல ஆணி நிக்குமா? ஸ்க்ரூவும் அப்படித்தான், கழண்டுடும்."

"உப்பு சுமந்த எலும்புங்க. இரும்பு!" என்றேன். டெஸ்ட் என்று ஆரம்பித்தால் இழுத்தடிப்பார்களே என்ற பயம்.

"முன்ன இருந்ததுக்கு உயரம் கொறஞ்சிருக்குதா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் குறைந்தேன் என்றால் அவர் வளரவில்லை என்றாகிவிடும்; இரண்டு நர்சுகள் நிற்கிற இடத்தில் என் புருஷனை நானே குள்ளன் என்று காட்டிக்கொடுப்பேனா? "இல்லீங்க. எப்பவும் இதே உயரம்தான்."

பக்கத்து நாற்காலியில் இருந்த சவரிமுத்து விருட்டென்று எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பொய் சொல்றா டாக்டரம்மா. என்னவிட நாலு விரல் ஒசரங்க இவ. கல்யாண போட்டோல நான் செங்கல் மேல நின்னேன். நான்தான் வளந்துட்டேன்னு நெனச்சினு இருந்தேன். இவ கொறஞ்சினு வந்திருக்கிறா."

ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு ரொம்பவே மெலிந்திருந்தது. மேல்முதுகில் இரண்டு எலும்புகள் எப்போதோ நசுங்கியிருந்தன; உயரம் குறைந்தது அதனால்தானாம். எலும்பைத் தேற்றிவிட்டுத்தான் ஆபரேஷன் என்று தள்ளிப்போட்டுவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், பஸ்ஸில் ஊர் வரும்வரை அவரோடு பேசவே இல்லை.

தினமும் வயிற்றில் ஊசி. போடுவது அவர். ஊசியைக் கண்டாலே மயங்குகிற ஆள், பல்லைக் கடித்துக்கொண்டு குத்துவார். "வலிச்சுதாடி?" என்று கேட்கும்போது அவர் கண்தான் கலங்கியிருக்கும். இப்படிப்பட்ட மனுஷனிடம் எத்தனை நாள் கோபத்தை வைத்துக்கொள்வது?

மழைக்காலம் முடிந்து ஆபரேஷன் நடந்தது. ஸ்க்ரூ நன்றாகப் பிடித்துக்கொண்டது என்றார் டாக்டர். "ஆனா போன உயரம் திரும்பி வராதும்மா."

மறுநாள் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றேன். கால் மரக்கவில்லை. சவரிமுத்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அப்போதும் இருவரும் ஒரே உயரம்தான். என்னையே பார்த்தவர், மெதுவாக முழங்காலை மடக்கி நாலு விரல் இறங்கினார்.

"நர்ஸ் பாக்குதுங்க, ஒழுங்கா நில்லுங்க" என்றேன்.

"இருடி," என்றார் என்னை அண்ணாந்து பார்த்து. "இப்பதான் சரியா இருக்குது."