எசென்குல் வைத்துப்போன கல்யாணப் பாக்கி

"மண்ணுக்குள்ள போற மனுஷன் எம்மக கல்யாணத்தையும் சேத்துக்கிட்டா போகணும்?"

"கலிபா அக்கா, கொஞ்சம் மெதுவா. அப்பா முற்றத்துல கிடக்கார்."

"அவர் காதுல விழட்டும்னுதான் கத்துறேன்!"

நாரின் ஊரில் எங்கள் தெருவுக்கு ஒரே வீடியோக்காரர் எசென்குல். கலிபா மகள் கல்யாணத்தை மூன்று கேமராவில் பிடித்து, ஒரே ரெக்கார்டர் பெட்டியில் அடைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் படுத்தவர் எழவில்லை. இப்போது அவர் முற்றத்துக் கூடாரத்தில், திரைக்குப் பின்னால். பெட்டி வீட்டுக்குள். பச்சை விளக்கு எரிந்தது; எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மரக்கட்டை.

அடக்கத் தொழுகைக்கு முன், இறந்தவர் யாருக்காவது பாக்கி வைத்திருக்கிறாரா என்று சொந்தக்காரர் ஒருவர் கூட்டத்தைக் கேட்பார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதுதான் மரியாதை.

"எங்க வீட்டுக்காரர் முன்னால வந்து, 'எங்களுக்கு ஒரு கல்யாணம் பாக்கி'ம்பார். பாத்துக்க!" என்றாள் கலிபா.

எசென்குல் மகள் பெர்மெட் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஊர்க் கல்யாணம் அத்தனையும் பிடித்த அப்பா, ஊர் முன்னால் கடன்காரராகப் போவதா?

பெட்டியைப் பார்க்க வந்திருந்தவன் கரண்டாபீஸ் மார்லிஸ். பெண்டாட்டி விட்டுப்போனதிலிருந்து யார் வீட்டில் என்ன கெட்டாலும் திருப்புளியோடு ஓடிவருபவன். கேபிளை மாற்றினான். டிவியை மாற்றினான். மூடியைக் கழற்றித் தூசி ஊதினான். தூசி முழுக்கக் கலிபா மேல் போனது. அதுவரை அவன் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

"டிஸ்க்கு சுத்துது. பொத்தானுக்குத்தான் காது கேக்கல."

"அப்ப ஓங்கி ஒண்ணு வை!"

வாசலில் கார் நின்றது. துக்கம் கேட்க ஆள் வந்தால் பெண்கள் கூடாரத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாக வேண்டும். சண்டையை அப்படியே போட்டுவிட்டு இருவரும் ஓடினார்கள். ஒப்பாரியில் கலிபாவை மிஞ்ச ஆளில்லை.

"வெள்ளைப் பருந்தே, பறந்தீரோ! வாக்குத் தவறாத மலையே, சாய்ந்தீரோ!"

வந்தவர்கள் உருகி, தேநீர் குடிக்க நகர்ந்தார்கள். கலிபா மூக்கைச் சிந்தினாள்.

"வாக்குத் தவறாதவராம்! வாடி, பெட்டியப் பாப்போம்."

இப்படி மலை சாய்வதும் பெட்டியைத் தட்டுவதுமாகப் பொழுது ஏறியது.

"மொத்தமா அழிச்சு, புதுசு மாதிரி ஆக்கிப் பாக்கலாம்," என்றான் மார்லிஸ். "உள்ள இருக்கறது போயிடும்."

பெர்மெட் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை இருவரும் கொஞ்சம் தாமதமாகத்தான் விட்டார்கள் என்று கலிபா பிற்பாடு தெரு முழுக்கச் சொன்னாள்.

"இருங்க. அப்பா சாப்பிடப் போறப்பல்லாம் இதோட முதுகச் சொறிஞ்சு விடுவார்."

"பெட்டிக்கா?"

"ஆமா, நாய்க்குச் சொறியற மாதிரி. நாங்க சிரிப்போம்."

பின்னால் கைவிட்டுத் தடவினாள். சின்ன விசை ஒன்று விரலில் பட்டது. தள்ளினாள்.

"அட!" என்று எட்டிப்பார்த்தான் மார்லிஸ். "ரிமோட்டுப் பக்கம் தள்ளி வச்சிருக்கார். முன்னால பொத்தான் எதுவும் வேலை செய்யாது. கல்யாண வீட்டுல எவனும் நோண்டக் கூடாதுன்னு!"

டிவியில் கல்யாணம் ஓடியது. தன் ஆட்டம் வந்ததும் கலிபா, "நிறுத்து, நிறுத்து. இடுப்பப் பாரு!" என்றாள். ஆட்டம் முடிந்து மேசைகள் காலியான பிறகும் படம் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க மறந்திருக்கிறார். எந்தப் படத்திலும் தலைகாட்டாத எசென்குல் நடுவில் வந்து நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். விலாக்கறியில் நல்ல துண்டாக ஒன்றைப் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப்பைக்குள் வைத்தார்.

அந்தப் பொட்டலம் இன்னும் இந்த வீட்டுப் பிரிட்ஜில் இருந்தது. பெர்மெட் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கலிபா தலைமுக்காட்டைச் சரிசெய்தாள். மறுபடி கார் வந்தது.

அடக்க நேரத்தில் பெர்மெட்டின் சித்தப்பா கூட்டத்தைக் கேட்டார்: "அண்ணன் யாருக்காவது பாக்கி வச்சிருக்காரா?"

பெட்டி திறந்த சேதி கலிபா புருஷனுக்குப் போகவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரடி முன்னே வந்தார்.

கூடாரத்திலிருந்து குரல் வந்தது: "வாய மூடுய்யா!"

தொழுகை நடத்த வந்த முல்லா ஒரு கணம் தடுமாறி, வழக்கமான அடுத்த கேள்விக்குப் போனார். "இவர் எப்படிப்பட்ட மனுஷர்?"

"நல்லவர்!" என்றது கூட்டம். பெண்கள் பக்கத்துச் சத்தம்தான் தூக்கலாக இருந்தது.

கலிபா மகள் புருஷனோடு தலைநகர் பிஷ்கெக் போய்விட்டாள். மறு இலையுதிர் காலத்தில் பெர்மெட்டும் மார்லிஸும் கல்யாணம் செய்துகொண்டு கராகோலுக்குக் குடிபோனார்கள். தன் சண்டையால்தான் அது நடந்தது என்கிறாள் கலிபா. அங்கே இப்போது பெர்மெட்தான் கல்யாணங்களுக்கு வீடியோ பிடிக்கிறாளாம். சாப்பிடப் போகும்முன் பெட்டியின் முதுகை ஒருமுறை சொறிந்துவிட்டுத்தான் எழுவாளாம்.